குண்டு விழுந்த தூரம் வரை

1690 செப்டம்பரில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பீரங்கி முழங்கியது. யாரையும் கொல்வதற்காக அல்ல, நிலம் அளப்பதற்காக. செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து அங்கிருந்த சிறு கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தம் சொன்ன அளவு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். சென்னையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல், நல்ல பீரங்கி ஒன்றையும் அதை இயக்கக் கைதேர்ந்த ஆளையும் அனுப்பிவைத்தார். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம், கடலூர் நகரம் உட்பட, கம்பெனியின் உடைமையாயின. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. கடலூரில் குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றும் இருக்கின்றன.

கோட்டை வாங்கிய கம்பெனி ஓர் அரசு அல்ல. லண்டனில் பங்குதாரர்கள் கூடி லாபத்தைப் பிரித்துக்கொண்ட ஒரு வியாபார நிறுவனம். 1600இல் ராணி கொடுத்த பட்டயம்தான் அதன் பிறப்புச் சான்று. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் மாற்றம் பெற்ற அந்த இடத்திலிருந்து கடலூர்த் துணி கப்பலேறியது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே இங்கே வந்து 1752 வரை இருந்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டையின் ஆளுநரானார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே இப்போது மிஞ்சியிருப்பது சில சுவர்களே.

கம்பெனியின் உரிமை எதுவரை என்பதைப் பீரங்கி சொல்லிவிட்டது. அந்த வட்டத்துக்குள் இருந்த நெசவாளிக்கும் உழவருக்கும் கம்பெனி எதற்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை. 1773இலும் 1784இலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனிக்குக் கடிவாளம் போடச் சட்டங்கள் இயற்றியது. அவையும் கம்பெனி லண்டனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பற்றியவையே, கடலூருக்குச் சொல்ல வேண்டியதைப் பற்றியவை அல்ல. 1874இல் கம்பெனி கலைக்கப்பட்டபோதும் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

இன்று வணிகச் சட்டத்திலும் நிறுவனப் பொறுப்பிலும் முதுநிலைப் பட்டம் படிக்கும் மாணவர்கள் அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறார்கள். ஹோவர்ட் போவன் 1953இல் எழுதிய நூல், வியாபாரியின் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதிய கட்டுரை, அப்புறம் இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. பாடத்திட்டத்தில் தவறில்லை. ஆனால் ஒரு நிறுவனம் ஊருக்குக் கொடுப்பதும், ஊருக்குப் பதில் சொல்வதும் இரண்டு தனித்தனிக் கணக்குகள் என்பதை இந்த ஒரு மாவட்டத்தின் வரலாறு காட்டுகிற அளவுக்கு அந்தப் புத்தகங்கள் காட்டுவதில்லை. கொடுத்த கதைக்குச் சிதம்பரம் சாட்சி. பதில் கேட்ட கதைக்கு, சுமார் 45 கிலோமீட்டர் வடக்கே உள்ள கடலூர்.

சிதம்பரத்தின் கதை ஒரு வங்கி விழுந்ததிலிருந்து தொடங்குகிறது. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானது. பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட பெரும் வெள்ளைக்கார வணிக நிறுவனம் அது. ஓய்வூதியக்காரர்கள், கைம்பெண்கள், அரசு ஊழியர்கள், மிராசுதாரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். அது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனிகூட அல்ல, கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். ஊகவணிகத்தில் இழந்த பணத்தைக் கணக்கேட்டில் மறைத்துக்கொண்டே புதிய டெபாசிட்டுகளை வாங்கிவந்திருக்கிறார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதம் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரப் பெருவணிகர் ஒருவர், சர் பட்டம் பெற்றவர், சிறைக்குப் போனது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல.

அந்த வீழ்ச்சிக்குப் பிறகு, நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் ஒரு வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முனைந்தார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. முதலீடும் நம்பிக்கையும் தந்து முன்நின்றவர்களில் நகரத்தார் இருந்தார்கள். அவர்களுள் ராமசாமி செட்டியாரும் அவர் தம்பி அண்ணாமலை செட்டியாரும் முக்கியமானவர்கள். சிதம்பரத்தில் ராமசாமி செட்டியார் பெயரில் பள்ளி இருக்கிறது. அண்ணாமலை செட்டியார் 1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் சமஸ்கிருதத்துக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் வைத்தார். பின் அவற்றையெல்லாம் 20 லட்சம் ரூபாய் நன்கொடையோடு ஒப்படைக்க, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, திருவேட்களத்தை ஒட்டி, ஒரு தனி ஊராகவே அது வளர்ந்தது.

இருபது லட்சம் அன்று எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் அவரைக் கொடுக்கச் சொல்லவில்லை. வட்டித் தொழிலிலும் கடல்கடந்த வணிகத்திலும் சேர்ந்த செல்வத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஒதுக்குவது நகரத்தார் மரபு. அந்த மகமை மரபின் நீட்சியாகவே இந்தப் பல்கலைக்கழகம் வந்தது. இந்தியாவில் தனியொருவர் கொடையால் எழுந்த பல்கலைக்கழகங்களில் இவ்வளவு நீடித்த பயன் தந்தவை குறைவு. கிராமத்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேருக்கு இதுதான் வாசல்.

1979இல் தொலைதூரக் கல்வி தொடங்கியபோது அந்த வாசல் இன்னும் அகன்றது. 'சிதம்பரத்துல அஞ்சல்வழியில படிச்சேன்' என்பது தமிழ்நாட்டின் வங்கிகளிலும் ஆலை அலுவலகங்களிலும் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியமானது. நீதிமன்றத்தில் வாதாட உரிமை தராத, ஆனால் சட்டத்தைப் படிக்க வழி தந்த பி.ஜி.எல். பட்டம் அதில் பிரபலம். இதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணமும் உண்டு. 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்களுக்கான தேவை அங்கே பிறந்தது. பகலில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு இரவில் பாடப் புத்தகத்தைப் புரட்டிய ஊழியர்கள், சட்டத்தைத் தங்கள் ஆலைக்குள்ளேயே நடக்கும் ஒன்றாகப் படித்தார்கள். பிறகு 1997இல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வந்தது. வணிகச் சட்டத்துக்கென்றே முதுநிலைப் பிரிவு அங்கே அமைந்தது.

ஆனால் கொடைக்கும் ஓர் எல்லை உண்டு. பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்திடமே இருந்துவந்தது. அளவுக்கு மீறிய பணி நியமனங்களால் நிதி நெருக்கடி முற்றி, ஊழியர்களின் சம்பளமே கேள்விக்குறியான நிலையில், 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் புதிய சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. கொடுத்தவரின் நல்லெண்ணம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கணக்கு காட்டும் ஏற்பாடு இல்லாமல் ஒரு நிறுவனம் தலைமுறைகளைத் தாண்டி நிற்பது கடினம் என்பதைச் சிதம்பரம் பார்த்தது.

கடலூரின் கதைக்கு வருவோம். இந்தப் பகுதிக்கு ஆலைகள் புதிதல்ல. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1840களிலேயே சர்க்கரை உற்பத்தியில் இறங்கிவிட்டது. நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. ஆனால் ஊரின் மூச்சையே மாற்றியது சிப்காட்தான். 1971இல் தொடங்கப்பட்ட இந்தத் தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம், 1980களின் முற்பகுதியில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றங்கரையில் ஒரு தொழிற்பேட்டையை அமைத்தது. பூச்சிக்கொல்லி, சாயம், மருந்துக்கான மூலப்பொருட்கள் என்று ரசாயன ஆலைகள் வரிசையாக வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், பச்சையாங்குப்பம், சோனாஞ்சாவடி ஆகிய ஊர்கள் அந்த மதில்களுக்கு அடுத்தாற்போல் இருந்தன. கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்களும் உப்பனாற்றில் மீன் பிடித்தவர்களும் கேட்டு வந்தவை அல்ல அந்த ஆலைகள்.

ஆலைகள் இங்கே காலூன்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து, போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு நாடாளுமன்றம் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 41பி என்ற பிரிவைச் சேர்த்தது. ஆலைக்குள் என்ன ஆபத்து இருக்கிறது, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் பொதுமக்களுக்கும் நிர்வாகம் தெரிவித்தாக வேண்டும் என்பது அந்தப் பிரிவு. மதிலுக்கு வெளியே இருப்பவருக்கும் தகவல் பெறும் உரிமையைத் தொழிற்சாலைச் சட்டம் முதன்முதலாகக் கொடுத்தது அங்கேதான். தொழிற்பேட்டை ஊர்களுக்கு அந்தப் பிரிவு காகிதத்தைத் தாண்டி வரவில்லை.

2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் இங்கே வந்து விசாரித்தார். அரசு அனுப்பியவர் அல்ல அவர். சுற்றுச்சூழல், மனித உரிமைகளுக்கான இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் சார்பில் வந்தவர். மக்களின் உடல்நலமும் பிழைப்பும் பாதிக்கப்பட்டிருப்பதை அந்த அறிக்கை பதிவு செய்தது. அதற்குச் சட்ட வலு கிடையாது. ஆனால் நீதிபதி ஒருவர் உட்கார்ந்து கேட்க, ஊர் மக்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னது ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தது. வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதி வைப்பது என்ற பழக்கம் அது.

2004இல் 'சிப்காட் பகுதி சமூகச் சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற குழு உருவானது. உறுப்பினர்கள் அந்த ஊர்க்காரர்களே. அவர்களுக்கு முதல் கருவி மூக்கு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம், கெட்டுப்போன முட்டைக்கோஸ் வாடை என்றால் மெர்காப்டன் வகை, நெயில் பாலிஷ் வாடை என்றால் அசிட்டோன் போன்ற கரைப்பான் என்று பழகிக்கொண்டார்கள். வாடை வந்த தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, எந்த ஆலையின் மதிலருகே, யாருக்குக் கண் எரிந்தது, யாருக்கு மூச்சு முட்டியது என்று நோட்டில் குறித்தார்கள். பகலில் அதிகாரி வந்து பார்க்கும்போது இரவில் வந்த வாடை இருக்காது. 'அப்படி எதுவும் இல்லையே' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு அந்த நோட்டு ஒரு சாட்சியமாக மாறியது. சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் படித்தவர்கள் செய்யும் வேலையை, படிக்காதவர்கள் தேவையால் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. சுமார் இருபது லிட்டர் கொள்ளும் மூடி போட்ட வாளிக்குள் ஒரு தனி ரகப் பிளாஸ்டிக் பை இருக்கும். சின்ன உறிஞ்சு பம்பால் வாளிக்குள் உள்ள காற்றை வெளியேற்றினால், அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் வந்து சேரும். சில நிமிட வேலை. வாடை வந்ததும் ஓடிப்போய் மதிலோரம் நின்று பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1990களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகில் வசித்தவர்களுக்காக உருவான முறை இது. இந்தியாவில் இதை முதலில் கையாண்டவர்களில் கடலூர் மக்களும் அடக்கம். பைகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. அங்கிருந்து வந்த முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருந்தன. புற்றுநோயோடு தொடர்புடையவையும் அவற்றில் இருந்தன. அந்த அறிக்கை 2004 செப்டம்பரில் வெளியானது. அபாயகரமான கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூருக்கு வந்தது.

நாக்பூரின் சுற்றுச்சூழல் ஆய்வகமான நீரி பிறகு ஆய்வு செய்தது. இந்தப் பகுதியில் வாழ்வோருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏற்கத்தக்க அளவைவிடக் குறைந்தது 2000 மடங்கு கூடுதல் என்று அந்த ஆய்வை மேற்கோள் காட்டி 2008இல் செய்திகள் வந்தன. 2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 88 தொழில் பகுதிகளை மதிப்பிட்டது. 70 புள்ளிக்கு மேல் போனால் மிக மோசம் என்பது கணக்கு. கடலூர் பெற்றது 77.45. அப்படி மிக மோசம் என்று முத்திரை குத்தப்பட்ட 43 இடங்களில் மணலி, வேலூர், கோவையோடு கடலூரும் சேர்ந்தது. 2010 ஜனவரியில் அந்த இடங்களிலெல்லாம் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தற்காலிகத் தடை வந்தது. நோட்டில் எழுதியவர்கள் சொன்னதைத்தான் அரசின் எண்களும் சொல்லின. இடையில் ஐந்தாறு ஆண்டுகள் போயிருந்தன.

இனி சட்டத்தின் வரலாறு. வணிகச் சட்ட மாணவர்கள் 1897ஆம் ஆண்டின் சாலமன் வழக்கை மனப்பாடமாகவே அறிவார்கள். கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு, கம்பெனியின் கடன் முதலாளியின் கடன் ஆகாது என்பது அதன் சாரம். தொழில் வளர்ந்ததற்கு அந்த விதி பெரிய காரணம். ஆனால் போபாலில் அமெரிக்கத் தாய்நிறுவனம் தனி, இந்தியக் கிளை தனி என்ற வாதத்துக்கும் அதே விதிதான் துணை நின்றது. 1989இல் 470 மில்லியன் டாலருக்கு அந்த வழக்கு சமரசமாக முடிக்கப்பட்டதை இறந்தவர்களின் குடும்பங்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

இன்னொரு வழக்கு அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் ரைலண்ட்ஸ் என்ற நூற்பாலை முதலாளி தன் ஆலைக்காக நீர்த்தேக்கம் கட்டினார். 1860இல் அந்த நீர் உடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஃபிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும், வெளியேறினால் கேடு செய்யும் ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைப்பவர் அது வெளியேறினால் பொறுப்பேற்க வேண்டும் என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

அந்த விதி சென்னை மாகாணத்துக்கு வந்தபோது ஒரு திருப்பம் நேர்ந்தது. கார்வேட்டிநகர் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்களை அடித்துச் சென்றன. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. 1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. ஏரி ஜமீன்தாரின் சொந்த லாபத்துக்காக இருப்பதல்ல, நாட்டு மக்களின் பாசனத்துக்காகத் தொன்றுதொட்டு இருப்பது, அதைப் பராமரிப்பது அவர் கடமை, எனவே அலட்சியத்தை நிரூபித்தால் மட்டுமே நஷ்டஈடு என்றது. வீராணம் ஏரியின் கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நியாயம் விளக்காமலே புரியும். ஏரி ஊருக்கானது. ரசாயனத் தொட்டி யாருக்கானது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு 1986 டிசம்பர் 20 அன்று விடை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்திருந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில விதியும் அதன் விலக்குகளும் நமக்குப் போதாது என்றது. ஆபத்தான தொழிலை லாபத்துக்காக நடத்துபவர், அதனால் வரும் கேட்டுக்கு எந்த விலக்கும் இல்லாமல் முழுப் பொறுப்பு. நஷ்டஈடும் நிறுவனத்தின் வசதிக்கு ஏற்ப இருக்க வேண்டும், நிறுவனம் பெரிதானால் தொகையும் பெரிதாக வேண்டும். 1996இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியானது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் விதித்தபோது, நிறுவனத்தின் வசதியைக் கணக்கிட்டே அந்தத் தொகையை நிர்ணயித்தது. வேலூர், தூத்துக்குடி, இடையில் கடலூர். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கும் ஆற்றோரத்துக்கும் இருக்கும் பங்கு, பாடப் புத்தகங்கள் சொல்வதைவிடப் பெரியது.

அதே 2013 ஆகஸ்டில் புதிய கம்பெனிச் சட்டம் ஒப்புதல் பெற்றது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது அதன் 135ஆம் பிரிவு. உள்ளூருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொன்னது. மகமையாக, தருமமாக இருந்தது சட்டமாயிற்று. ஊர்ப்பக்கம் 'சி.எஸ்.ஆர். நிதி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. பள்ளிக்கு வகுப்பறை, குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம், கழிப்பறை என்று அதன் பயன்களும் கண்ணில் பட்டன. அவை வேண்டியவையே. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மருத்துவ முகாம் நடத்தும் ஆலையே அந்த ஊர்க் காற்றைக் கெடுப்பதாக இருந்தால் என்ன செய்வது? 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள் இதற்கு ஒரு வரியில் வேலி போட்டன. வேறு எந்தச் சட்டப்படியும் செய்தே ஆக வேண்டிய ஒன்றை, சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. கழிவைச் சுத்திகரிப்பதும், வாயுவைத் தடுக்கும் கருவி வைப்பதும், சேதத்துக்கு நஷ்டஈடு கொடுப்பதும் கடமை. அவை கொடையாகா. சட்ட முதுநிலை மாணவர் ஒருவர் 135ஆம் பிரிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், சதவீதத்தை விட்டுவிட்டு இந்த விதியை வைத்துக்கொள்ளலாம். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் மக்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான். நன்கொடை வேண்டாம் என்று அவர்கள் சொன்னதில்லை. நன்கொடையைக் காட்டி வாடையை மறக்கச் சொல்லாதீர்கள் என்றார்கள்.

இந்த இரண்டு கணக்கும் தனியார் ஆலைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெய்வேலியின் அரசு நிறுவனமான என்.எல்.சி.யின் கால்வாய்ப் பணிக்காகக் கதிர் பிடித்திருந்த நெல்வயலில் பொக்லைன்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். நின்றிருந்த பயிர் யாருடையது என்பது விவசாயிகளின் கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று வருத்தத்தோடு கேட்டது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. கோடிக்கணக்கில் சமூகப் பொறுப்பு நிதி செலவிடும் நிறுவனம், சில வாரம் காத்திருப்பதற்கு நீதிமன்றத்திடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது வேதனையான விஷயம்.

சிப்காட்டில் விபத்துகளும் நின்றபாடில்லை. 2021 மே 13 காலை, பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 மே மாதத்தில் குடிகாட்டில் துணிகளுக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி அதிகாலையில் வெடித்தது. மதிலைத் தாண்டி வந்த நீர் வீடுகளுக்குள் புகுந்தது. பலர் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜவுளி ஆலை, அதற்கென்று கட்டிய நீர்த்தொட்டி, உடைந்து அடுத்தவர் இடத்தில் பாய்ந்த நீர்: 1860இல் லங்காஷயரில் நடந்தது அச்சு அசலாகக் கடலூரில் நடந்தது. வித்தியாசம், அன்று மூழ்கியது ஒரு சுரங்கம், இன்று நீர் புகுந்தது மக்கள் தூங்கிக்கொண்டிருந்த வீடுகள்.

தொட்டி ஏன் உடைந்தது, எந்த வால்வு கோளாறு, எந்த ஊழியர் கவனிக்கவில்லை என்ற விசாரணை அரசுக்கும் ஆலைக்கும் உரியது. இதே போன்ற வழக்கு 1986க்கு முன் வந்திருந்தால், ஆலை தன் விலக்குகளை வரிசையாக எடுத்து வைத்திருக்கும். அந்தப் பாதை இப்போது மூடப்பட்டுவிட்டது. அந்தக் கழிவு ஆபத்தானது என்று நிலைநாட்டிவிட்டால், குடிகாட்டு மக்கள் நீதிமன்றத்தில் யாருடைய அலட்சியத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை. எந்த மதிலுக்குள் இருந்து அந்த நீர் வந்தது, அது தங்களை என்ன செய்தது என்ற இரண்டை மட்டும் காட்டினால் போதும். அவற்றைத் தேதி போட்டு, நேரம் போட்டு எழுதி வைக்கும் வழக்கம் அந்த ஊர்களில் 2004 முதல் இருக்கிறது.